சாஃப்ட் ஹேக்கிள் வெட் ஃப்ளை: அறிகுறி பார்த்துக் கோளாறு நீக்க

மீனை ஏமாற்றப் பூச்சி போல முள்ளில் கட்டும் செயற்கை இரைதான் ஃப்ளை; தண்ணீருக்குள் மூழ்கிப் போவது வெட் ஃப்ளை. டிரவுட் மீனுக்கான சாஃப்ட் ஹேக்கிள் ஃப்ளையில் இருப்பதே ஒரு தூண்டில்முள், கொஞ்சம் பட்டு நூல், இரண்டு சுற்று மெல்லிய இறகு (அதுதான் ஹேக்கிள்). இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் ஆறுகளில் ‘ஸ்பைடர்’ என்ற பெயரில் 19-ஆம் நூற்றாண்டிலேயே வேரூன்றிவிட்ட வகை இது. பொருள் குறைவு என்பதால் வரும் தொல்லைகளும் குறைவுதான். அதே சில தொல்லைகள் திரும்பத் திரும்ப வரும். பெரும்பாலும் ஏதோ ஒன்று அதிகமானதால்தான் வரும்: இறகு அதிகம், நூல் அதிகம், வேகம் அதிகம், இழுப்பு அதிகம். அதனால் புதிதாக எதையும் வாங்கும் முன் எதைக் குறைக்கலாம் என்று பாருங்கள். கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் காசில்லாத காரணத்தை முதலில் வைத்திருக்கிறேன், செலவு வைப்பதைக் கடைசியில்.

## எந்தக் கோளாறானாலும் முதலில் நனைத்துப் பாருங்கள்

வைஸில் (கட்டும்போது முள்ளைப் பிடிக்கும் கவ்வியில்) உலர்ந்து நிற்கும் ஃப்ளையைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி, ஃப்ளையை ஒரு துண்டு டிப்பெட்டில் (லைனின் முனையில் ஃப்ளையைக் கட்டும் மெல்லிய நரம்பில்) கட்டி இறக்கி, விரலால் அழுத்தி ஈரமாக்கி, மெதுவாக மேலும் கீழும் இழுங்கள். இழுக்கும்போது ஹேக்கிள் இழைகள் பின்னால் மடியவும், நிறுத்தியதும் மறுபடி விரியவும் வேண்டும். அப்படி நடந்தால் கட்டியதில் குறையில்லை, கோளாறு வீச்சில் இருக்கிறது. ‘வீசும்போது’ என்ற இரண்டாம் பகுதிக்குப் போங்கள். மடியவே இல்லை, அல்லது மடிந்தது விரியவில்லை என்றால் குறை கட்டியதில்தான். ஆற்றங்கரையில் இருந்தால் காலருகே ஓடும் தண்ணீரில் இதையே செய்யலாம். உலர்ந்தபோது ஒல்லியாக, ஏதோ குறைவதுபோலத் தெரியும் ஃப்ளைதான் தண்ணீரில் சரியாக இருக்கும்.

# கட்டும்போது

## இறகின் காம்பு சுற்றும்போதே அறுகிறது

கவுதாரி இறகில்தான் இது அதிகம். நுனிப்பக்கம் காம்பு மயிரிழை அளவுதான் இருக்கும்.

நுனியிலேயே அறுகிறதா? கட்டிய இடம் மிக மெலிதாக இருக்கிறது. நுனியிலிருந்து இன்னும் சில இழைகள் கீழே தள்ளி, காம்பு கொஞ்சம் தடிமனாகும் இடத்தில் கட்டுங்கள். அப்போதும் அறுந்தால் அடிப்பக்கத்தைக் கட்டி நுனியை நோக்கிச் சுற்றுங்கள். தலை சற்றுப் பருமனாகும், ஆனால் காம்பு அறாது.

பிளையர் (இறகைப் பிடித்துச் சுற்றும் சிறு கவ்வி) பிடிக்கும் இடத்தில் அறுகிறதா? பிளையரின் வாய் விளிம்பு கூராக இருக்கிறது. மெல்லிய ரப்பர் குழாய்த் துண்டு ஒன்றை ஒரு தாடையில் மாட்டினால் போதும். ஒரு நல்ல இறகு கையில் பிடிக்கும் அளவு நீளமாக இருந்தால் பிளையரே வேண்டாம். விரல்களுக்கு இழுவிசை தெரியும், பிளையருக்குத் தெரியாது.

நடுவில் எங்கு வேண்டுமானாலும் அறுகிறதா? இறகு வறண்டிருக்கிறது. ஈரமான காகிதத்தில் சில நிமிடம் சுற்றி வைத்துவிட்டு முயலுங்கள். இறகோடு விற்கும் பறவைத் தோல் ஒன்றிலிருந்து எடுக்கும் இறகெல்லாம் இப்படியே அறுந்தால் அந்தத் தோல் பழசாகிவிட்டது, அல்லது பூச்சி அரித்திருக்கிறது. பூச்சியின் தூசு தெரிந்தால் உடனே அந்தத் தோலை மற்றவற்றிலிருந்து பிரித்து, காற்றுப்புகாத பையில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். புதுத் தோல் வாங்குவது கடைசி வழி.

## நூல் அறுகிறது

இழுவிசை அதிகம் என்று எல்லோரும் சொல்வார்கள், பாதி நேரம் அது சரி. ஆனால் முதலில் நூல் முள்ளின் முனையில் உரசுகிறதா என்று பாருங்கள். உரசினால் முள்ளை வைஸில் வேறு கோணத்தில் பிடியுங்கள். அடுத்து பாபினின் (நூல்கண்டைத் தாங்கும் கருவியின்) குழாய் வாயில் கொஞ்சம் பஞ்சை உரசுங்கள். பஞ்சு இழை மாட்டினால் அங்கே பிசிர் இருக்கிறது, எவ்வளவு மெதுவாக இழுத்தாலும் அறுக்கும். பீங்கான் குழாய் வைத்த பாபின் வாங்குவதே தீர்வு. பட்டு நூல் வெயில் பட்டால் நைந்துபோகும். நூல்கண்டின் மேல் அடுக்கைக் கொஞ்சம் உருவி எறிந்துவிட்டுப் பாருங்கள்.

## கண்ணருகே இடமே இல்லை, முள்ளின் கண் அடைபடுகிறது

ஃப்ளையின் உடம்பை முள்ளின் கண்வரை (டிப்பெட் கோக்கும் துளைவரை) கொண்டுவந்து நெருக்கிவிட்டீர்கள். நூலைத் தொடங்கும்போதே கண்ணுக்குப் பின்னால் ஒன்றரைக் கண் நீளம் வெறும் கம்பியாக விடுங்கள். ஹேக்கிளைக் கட்டும்வரை அந்த இடத்தில் ஒரு சுற்றுகூட விழக்கூடாது. இதை மட்டும் பழகினாலே இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும்.

தீரவில்லையா? நூல் தடிமன். 70 டெனியர் (நூல் தடிமனின் அளவு) அல்லது அதைவிட மெல்லியதற்கு மாறுங்கள். பட்டை நூலாக இருந்தால் பாபினை முறுக்கு அவிழும் பக்கம் சுழற்றி நூலைத் தட்டையாக்கிக்கொண்டால் தலை சிறிதாகும். வார்னிஷ் கண்ணுக்குள் போனால் காயும் முன்பே ஓர் உதவாத இறகின் நுனியைக் கண் வழியாக இழுத்துவிடுங்கள். வார்னிஷை புட்டியின் பிரஷால் தடவாமல் ஊசி முனையில் ஒரு துளி எடுத்து வைத்தால் இந்த வேலையே இருக்காது. ஹேக்கிள் இழைகளும் ஒட்டிக்கொள்ளாது.

## நனைந்ததும் ஹேக்கிள் உடம்போடு ஒட்டிக்கொள்கிறது

இதுதான் அதிகம் கவனிக்கப்படாத கோளாறு, ஏனென்றால் வைஸில் தெரியவே தெரியாது. ஓட்டத்தில் இழைகள் பின்னால் படுத்து அப்படியே கிடந்தால் அந்த ஃப்ளைக்கு உயிர் இல்லை. ஒரு குச்சி மிதந்து போவதும் அதுவும் ஒன்று.

முதலில் சுற்றுகளை எண்ணுங்கள். ஒன்றரை முதல் இரண்டு சுற்று போதும். மூன்று நான்கு என்று போனால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரு பிரஷ் மாதிரி ஆகிவிடும். அவசரத்துக்கு ஆற்றங்கரையிலேயே கத்தரிக்கோலின் நுனியால் சில இழைகளை அடியோடு வெட்டி மெலிதாக்கலாம். நுனியை மட்டும் நறுக்கிச் சிறிதாக்காதீர்கள். மழுங்கிய நுனி நெளியாது.

சுற்று சரிதான் என்றால் தலையைப் பாருங்கள். ஹேக்கிளின் மேல் நூல் ஏறிச் சுற்றியிருந்தால் அது இழைகளைப் பின்னால் அழுத்தி வைத்திருக்கும். ஹேக்கிளுக்கு முன்னால் மட்டும் மூன்று நான்கு சுற்று, பிறகு விப் ஃபினிஷ் முடிச்சு. அவ்வளவே.

அதுவும் சரியா? அப்படியானால் ஹேக்கிளுக்குப் பின்னால் தாங்கல் இல்லை. முயல் முகத்து ரோமத்தை நூலில் உருட்டி, ஹேக்கிளுக்கு ஒட்டினாற்போல் சிறு உருண்டையாக ஒரு மார்புப்பகுதி போடுங்கள். இழைகள் அந்த உருண்டையில் சாய்ந்து நிற்கும், முழுக்கப் படுக்காது. வேகமான ஓட்டத்துக்கு இது கட்டாயம் என்றே சொல்வேன். அமைதியான தண்ணீரில் வெறும் பட்டு உடம்பே போதும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒட்டினால் இறகு அந்த ஓட்டத்துக்கு மிக மென்மை. கவுதாரியின் இடத்தில் சற்று விறைப்பான பெட்டைக்கோழிக் கழுத்து இறகை முயலுங்கள். அதில் சிறிய அளவுகளும் கிடைக்கும் என்பது இன்னொரு வசதி.

இதன் கிளைகள் இரண்டு:

இழைகள் கண்ணை நோக்கி முன்னால் சாய்கின்றன. இறகை மாற்றிக் கட்டியிருக்கிறீர்கள். பளபளப்பான குவிந்த பக்கம் கண்ணைப் பார்க்க வேண்டும், மங்கிய குழிந்த பக்கம் உடம்பைப் பார்க்க வேண்டும். அவிழ்த்துத் திருப்பிக் கட்டுங்கள். ஆனால் ஜப்பானின் டென்காரா என்ற மீன்பிடி முறையில் வரும் சகாச கெபாரி ஃப்ளையில் வேண்டுமென்றே இப்படி முன்னால் சாய்த்துத்தான் கட்டுகிறார்கள், அதுவும் மீன் பிடிக்கிறது. ஆகவே கட்டியாகிவிட்ட ஃப்ளையை எறிய வேண்டியதில்லை. தனியாக வைத்து முயன்று பாருங்கள்.

இழைகள் மிக நீளம். முள்ளின் வளைவைத் தொட்டு, கொஞ்சம் தாண்டினால் சரி. 16-ஆம் எண் போன்ற சிறு முள்ளுக்குக் கவுதாரியில் அவ்வளவு சிறிய இறகு கிடைப்பது அரிது. அப்போது இழைகளை மட்டும் ஒரு சிறு கொத்தாக வெட்டி, நுனி கண்ணுக்கு முன்னால் நீட்டும்படி வைத்து, தளர்வான நூலால் ஒரு சுற்றுச் சுற்றி விரலால் முள்ளைச் சுற்றிலும் பரப்புங்கள். பிறகு இறுக்கிக் கட்டி, இழைகளைப் பின்னால் தள்ளி, முன்னால் நூலைக் கொண்டுவாருங்கள். அல்லது ஸ்டார்லிங் போன்ற சிறிய பறவையின் இறகுக்கு மாறுங்கள்.

## பட்டு உடம்பு தண்ணீரில் கறுத்துப்போகிறது

பட்டு நனைந்தால் ஒளி ஊடுருவும், உள்ளே இருக்கும் முள்ளின் நிறம் தெரியும். கருத்த மெழுகு தேய்த்திருந்தால் இன்னும் கறுக்கும். ஆரஞ்சு வேண்டும் என்றால் உலர்ந்தபோது ஒரு படி வெளிறிய நிறத்தில் தொடங்குங்கள், நிறமில்லாத மெழுகைப் பயன்படுத்துங்கள். கண்டின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தாலே நனைந்த நிறம் ஓரளவு தெரிந்துவிடும். சில ஆறுகளில் அந்தக் கறுத்த நிறமே நன்றாக எடுபடுகிறது. மீன் குறை சொல்லாதவரை இதைக் கோளாறாகவே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

## ஓரிரு மீனிலேயே ஃப்ளை பிரிந்துவிடுகிறது

தலை அவிழ்ந்தால் முடிச்சு சரியில்லை. நான்கைந்து சுற்று விப் ஃபினிஷ் போட்டு, ஒரு துளி வார்னிஷ் வைத்து, முழுக்கக் காயவிடுங்கள்.

மயில் தோகை இழை உடம்பு அறுந்தால் அது டிரவுட்டின் பல் வேலை. இழைகளை நூலோடு சேர்த்து முறுக்கிக் கயிறாக்கிச் சுற்றுங்கள். மேலும் பலம் வேண்டுமென்றால் மெல்லிய தங்க நிறக் கம்பியை இழை போன திசைக்கு எதிர்த்திசையில் சுற்றுங்கள். ஒரே திசையில் சுற்றினால் கம்பி இழைகளுக்கு நடுவே புதைந்து பயனில்லாமல் போகும்.

முழு உடம்பும் முள்ளைச் சுற்றி உருண்டால் அடியில் நூல் படுக்கை போடவில்லை. முள்ளே வைஸில் வழுகினால் முதலில் தாடையின் இறுக்கத்தை முள்ளின் தடிமனுக்கேற்ப மாற்றுங்கள். தாடை தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தால் புதுத் தாடை வாங்குங்கள், அரத்தால் ராவிச் சரிசெய்ய முயலாதீர்கள்.

எவ்வளவு செய்தும் இந்தப் பகுதியில் ஒரே கோளாறு மாறாமல் வந்தால், நன்றாகக் கட்டுபவர் ஒருவரின் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மாலை கட்டுங்கள். கை நூலை எவ்வளவு இறுக்குகிறது என்பதை எழுத்தில் காட்ட முடியாது.

# வீசும்போது

## ஃப்ளை மூழ்க மறுக்கிறது

புது ஃப்ளை இறகின் எண்ணெயால் மிதக்கும். தண்ணீருக்குள் வைத்து விரலால் பிழிந்து காற்றை வெளியேற்றுங்கள். அதற்குப் பிறகும் மிதந்தால் விரலில் மிதவைப் பசை ஒட்டியிருக்கலாம். நீர்மேல் மிதக்கவிடும் டிரை ஃப்ளையும் இதுவும் ஒரே பெட்டியில் கிடந்தாலும் இப்படி ஆகும். கரைச்சேற்றில் தேய்த்துக் கழுவினால் சரியாகும்.

ஃப்ளை முங்கி டிப்பெட் மேலேயே கிடந்தால் முல்தானி மட்டி, பாத்திரம் கழுவும் திரவம், கிளிசரின் மூன்றையும் குழைத்த களிம்பால் டிப்பெட்டைத் துடையுங்கள். அடுத்து ஹேக்கிளைக் குறையுங்கள். அதற்கடுத்துத் தடித்த கம்பி முள்ளில் கட்டுங்கள். நுனி மட்டும் மூழ்கும் லைன் வாங்குவது கடைசி; இந்த ஃப்ளை வேலை செய்வது பெரும்பாலும் மேல் ஓரடித் தண்ணீரில், ஆகவே அது உண்மையிலேயே தேவைப்படுவது குறைவு.

## ஃப்ளை நீர்மேல் கோடு கிழித்துக்கொண்டு போகிறது

வேகம் அதிகம். இன்னும் கீழ்நோக்கி, அதாவது ஓட்டம் போகும் பக்கமாக, சாய்த்து வீசுங்கள். குறுக்கே நேராக வீசினால் ஓட்டம் லைனின் வயிற்றைத் தள்ளி ஃப்ளையைச் சுண்டி இழுக்கும். 45 பாகையில் கீழ்நோக்கி வீசினால் வேகம் இறங்கும், ஓட்டம் வேகமானால் இன்னும் சாய்க்கலாம். ஓட்டம் மந்தமான இடத்தில் மாறாகக் குறுக்கே வீசினால்தான் ஃப்ளை நகரும்.

கோணம் சரியாகியும் கோடு விழுந்தால் மெண்ட் செய்யுங்கள், அதாவது தண்ணீரில் கிடக்கும் லைனைத் தூக்கி வேறு பக்கம் போடுங்கள். உங்களுக்கும் ஃப்ளைக்கும் நடுவில் ஓடும் தண்ணீர் வேகமாக இருந்தால் லைனை ஓட்டத்துக்கு எதிர்ப்பக்கம் தூக்கிப் போடுங்கள். நடுவில் மந்தமாக இருந்தால் கீழ்ப்பக்கம். வீசியவுடன் ஒரு தடவை, பெரிதாக. நடுவழியில் செய்யும் மெண்ட் ஃப்ளையையும் சேர்த்து இழுத்துவிடும்.

இதற்கும் மசியாத இடம் என்றால் நிற்கும் இடத்தை மாற்றுங்கள். நான்கடி மேலே போனாலே கோணம் வேறாகிவிடும்.

## தொடுகிறது, மாட்டுவதில்லை

கையில் ஒரு தட்டல், அப்புறம் ஒன்றுமில்லை. இதைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். பதறாமல் வரிசையாகப் பாருங்கள்.

வெட்டி இழுக்கிறீர்களா? மீன் உங்களுக்குக் கீழே, ஓட்டத்தை எதிர்த்து, உங்களைப் பார்த்தபடி இருக்கிறது. தட்டல் தெரிந்ததும் மேலே சுண்டினால் திறந்த வாயிலிருந்தே ஃப்ளையைப் பிடுங்கிவிடுவீர்கள். தட்டலுக்கு எதுவும் செய்யாதீர்கள். மீன் திரும்பும்போது கனம் தெரியும். அப்போது ராடை (தூண்டில்கோலை) நீங்கள் நிற்கும் கரைப்பக்கம் சாய்வாக, மெதுவாகத் தூக்கினால் போதும். முள் வாயின் ஓரத்தில் ஏறும். வேகமாகச் சுண்டி ஏமாந்தால் ஃப்ளை முகத்தை நோக்கித்தான் திரும்பி வரும், ஆகவே கண்ணுக்குக் கண்ணாடி இல்லாமல் வீசாதீர்கள். கண்ணிலோ இமையிலோ முள் ஏறிவிட்டால் தொடாமல், பிடுங்காமல், நேரே கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

லைன் விறைத்திருக்கிறதா? ராடின் நுனி ஃப்ளையை நேராகச் சுட்டிக்கொண்டிருந்தால் மீன் ஃப்ளையை உறிஞ்சி உள்ளே எடுக்க லைன் இடம் கொடுக்காது. நுனியைச் சற்று உயர்த்தி, நுனிக்கும் தண்ணீருக்கும் நடுவே லைன் தொய்ந்து தொங்கும்படி பிடியுங்கள். அல்லது ரீலுக்கும் விரலுக்கும் நடுவே ஒரு சாண் தொய்வு வைத்து, மீன் எடுக்கும்போது அதை நழுவவிடுங்கள். இந்தத் தொய்வு ஒன்றே பலருக்குக் கோளாறைத் தீர்த்திருக்கிறது.

முனை மழுங்கியிருக்கிறதா? கட்டைவிரல் நகத்தின் மேல் முனையை வைத்து லேசாக இழுங்கள். கீறிப் பிடித்தால் சரி. வழுக்கினால் தீட்டுங்கள் அல்லது மாற்றுங்கள். பின்வீச்சு தாழ்ந்து கல்லில் பட்டாலே முனை போய்விடும், எனவே மீன் தப்பினால் ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

ஹேக்கிளை மட்டும் கடிக்கிறதா? இழை நீளமாக இருந்தால் மீன் வாயில் அகப்படுவது இழையின் நுனிதான். ஒரு அளவு சிறிய ஃப்ளைக்கு மாறுங்கள். சிறு முள்ளில் உடம்பு பருத்து முனைக்கும் தண்டுக்கும் உள்ள இடைவெளியை அடைத்திருந்தாலும் இதே அறிகுறிதான்.

தட்டுவதெல்லாம் குஞ்சு மீனா? தட்டல்கள் சடசடவென்று, கனமில்லாமல், ஒரே இடத்தில் வந்தால் பெரும்பாலும் அப்படித்தான். அவை மாட்டாமல் போவதே நல்லது. இடத்தை மாற்றுங்கள்.

ஃப்ளை கடைசியில் நேர் கீழே வந்து நிற்கும்போது மட்டும் எடுக்கிறதா? அது நல்ல செய்தி. மீன் பின்தொடர்ந்து வருகிறது, ஃப்ளை மேலெழும் கணத்தில் எடுக்கிறது. அப்படியானால் ஃப்ளையை உடனே தூக்கிவிடாமல் சில விநாடி தொங்கவிட்டு, பிறகு மெதுவாக உயர்த்துங்கள். பென்சில்வேனியாவின் ஜேம்ஸ் லைசன்ரிங் பெயரால் வழங்கும் உத்தி இதையே மீன் இருக்கும் இடத்தில் செய்கிறது: ஃப்ளையை ஓட்டத்தின் மேல்பக்கம் வீசி, மூழ்கவிட்டு, ராடால் பின்தொடர்ந்து, மீன் இருக்கும் என்று நினைக்கும் இடத்துக்குச் சற்று முன்னால் ராடை நிறுத்துவது. ஓட்டம் லைனை இறுக்கும், ஃப்ளை தானாக மேலெழும்.

எல்லாம் செய்தும் பயனில்லையென்றால் திசையையே மாற்றுங்கள். ஓட்டத்துக்கு எதிராக மேல்நோக்கிக் குறுகிய தூரம் வீசினால் மீனுக்குப் பின்னால் நிற்கிறீர்கள். இழுக்கும்போது முள் வாய்க்குள்ளேயே போகும். ஸ்காட்லாந்தின் டபிள்யூ. சி. ஸ்டீவர்ட் 1857-லேயே இதை வற்புறுத்தி எழுதினார். மெல்லிய ராடு வாங்குவது இதற்கெல்லாம் பிறகு. வாங்கும் முன் ஒரு வழிகாட்டியோடு அரை நாள் போவது மலிவு, பலனும் அதிகம். உங்கள் கை எப்போது சுண்டுகிறது என்பதைப் பக்கத்தில் நிற்பவரால்தான் பார்க்க முடியும்.

## மீன் எழும்புகிறது, நம் ஃப்ளையை மட்டும் விட்டுவிடுகிறது

எழும்பிய இடத்தில் நீர்க்குமிழி மிஞ்சுகிறதா? அப்படியானால் மேற்பரப்பில் மிதப்பதைத் தின்கிறது. இந்த ஃப்ளைக்கு அது நேரமல்ல, டிரை ஃப்ளைக்கு மாறுங்கள். குமிழி இல்லாமல் முதுகு மட்டும் புரண்டால் மேலெழும் பூச்சியை நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே எடுக்கிறது. அப்போது முதலில் அளவைக் குறையுங்கள், பிறகு டிப்பெட்டை மெலிதாக்குங்கள், நிறத்தைக் கடைசியில் மாற்றுங்கள்.

எதுவுமே எழும்பவில்லை, தொடவும் இல்லை என்றால் தண்ணீரின் வெப்பத்தைப் பாருங்கள். 20 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் டிரவுட் தவிக்கும். பிடித்து மறுபடி தண்ணீரில் விட்டாலும் பிழைக்காமல் போகலாம். அன்றைக்கு லைனைச் சுருட்டிவிடுங்கள்.

## இரண்டு மூன்று ஃப்ளை போட்டால் சிக்கிக்கொள்கிறது

ஒன்றைக் கழற்றுங்கள். அதற்கு மனமில்லையென்றால் டிராப்பரை (மேல் ஃப்ளை தொங்கும் கிளை நரம்பை) 10 முதல் 15 செ.மீ.க்குள் வெட்டுங்கள், ஃப்ளைகளுக்கு நடுவே அரை மீட்டருக்குக் குறையாமல் விடுங்கள், கனமானதை நுனியில் கட்டுங்கள். வெற்று வீச்சுகளை (தண்ணீரில் விழவிடாமல் காற்றிலேயே முன்னும் பின்னும் வீசுவதை) குறைத்து, காற்றில் லைன் போடும் வளையத்தை அகலமாக விடுங்கள். அப்படியும் சிக்கினால் வீச்சுப் பயிற்சியாளரிடம் ஒரு மணி நேரம் போதும்.

## மீன் அடித்ததும் டிப்பெட் அறுகிறது

கீழ்நோக்கி வீசும்போது மீனின் வேகமும் ஓட்டத்தின் வேகமும் சேர்ந்தே வரும். 6எக்ஸ் டிப்பெட் போட்டிருந்தால் அதைவிடத் தடித்த 4எக்ஸ்-க்கு மாறுங்கள். நகரும் ஃப்ளையில் மீன் தடிமனை அவ்வளவு பார்ப்பதில்லை. லைனை ராடோடு சேர்த்து விரலால் இறுக்கிப் பிடிக்காதீர்கள், ரீலின் பிடியையும் தளர்த்துங்கள்.

அறுந்த நுனியைப் பாருங்கள். சுருண்டிருந்தால் முடிச்சு நழுவியிருக்கிறது. முடிச்சை இறுக்கும் முன் எச்சிலால் ஈரமாக்குங்கள். முடிச்சிலிருந்து தள்ளி நடுவில் அறுந்திருந்தால் காற்றில் விழுந்த முடிச்சு இருந்திருக்கும். லீடரை (லைனுக்கும் ஃப்ளைக்கும் நடுவிலுள்ள நரம்பை) அவ்வப்போது விரல்களுக்கிடையே உருவிப் பார்த்து, முடிச்சுப் பட்டால் அந்த இடத்தை வெட்டி மறுபடி கட்டுங்கள். சொரசொரப்பாகத் தேய்ந்திருந்தால் கல்லில் உரசியது. கையால் இழுத்தாலே சுலபமாக அறுந்தால் நைலான் வெயிலில் கெட்டுவிட்டது, புதுச் சுருள் வாங்குங்கள்.

லைனும் அடிக்கடி கீறலாகிறது என்றால் ராடின் வளையங்களுக்குள் பஞ்சைச் சுழற்றுங்கள். பஞ்சு மாட்டும் வளையத்தில் பள்ளம் விழுந்திருக்கிறது. அதை மாற்றும் வேலையை ராடு பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். வளையத்தைப் பிடித்திருக்கும் பழைய நூல்கட்டை நீக்கும்போது ராடின் கார்பன் தண்டில் ஒரு கத்திக் கீறல் பட்டாலே பிறகு மீன் இழுக்கையில் ராடு அந்த இடத்தில் முறியும்.